கூகுளுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? காப்பிரைட் வழக்குகளுக்குள் ஒளிந்திருக்கும் ஏகபோகக் கேள்வி

மழை கொட்டும் நவம்பர் இரவு. ‘சென்னையில நாளைக்கு ஸ்கூல் லீவா?’ என்று கூகுளில் தட்டுகிறீர்கள். சில வருடங்களுக்கு முன்பு என்றால் நீல நிறத்தில் பத்து லிங்க் வரும். அதில் ஏதாவது ஒரு செய்தித்தளத்தைத் திறந்து பார்ப்பீர்கள். இப்போது பல கேள்விகளுக்கு மேலேயே ஏஐ எழுதிய நாலு வரி பதில் வந்து நிற்கிறது. படித்துவிட்டு போனை வைத்துவிடலாம். மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு, உறுதிசெய்து, அந்தத் தகவலை முதலில் எழுதிய நிருபரின் தளத்துக்கு நீங்கள் போகவே இல்லை.

உங்களுக்கு வேலை முடிந்தது. எழுதியவருக்கு? கிளிக் இல்லை, விளம்பரம் இல்லை, வருமானமும் இல்லை.

இதை வைத்துத்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டெல்லியிலும் வழக்குகள் குவிந்துகொண்டிருக்கின்றன. செய்திகளில் இவை இரண்டு தனித்தனி சண்டைகளாக வருகின்றன. ஒன்று, ‘என் எழுத்தை அனுமதியில்லாமல் எடுத்து ஏஐ-க்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள்’ என்ற பதிப்புரிமை வழக்கு, நாம் காப்பிரைட் என்று சொல்வது. இன்னொன்று, ‘சந்தையில் வேறு யாரையும் வளரவிடாமல் செய்கிறார்கள்’ என்ற ஏகபோக வழக்கு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். காரணம், காப்பிரைட் என்பதன் அடிப்படையே ‘என் படைப்பை எடுக்காதே’ என்று சொல்லும் உரிமைதான். கேட்பவர் சந்தையையே கையில் வைத்திருந்தால், அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர் கடையை மூட வேண்டியதுதான்.

(முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இதை எழுதும் நாங்களும் ஒரு செய்தித்தளம்தான். இந்தச் சண்டையில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.)

வாசலில் மாட்டிய போர்டு

பல இணையதளங்களில் ‘ரோபாட்ஸ் டெக்ஸ்ட்’ என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள், அதாவது பாட்கள், தளத்துக்குள் வரும்போது முதலில் இதைப் படிக்கும். ‘இந்தப் பக்கம் வரலாம், அந்தப் பக்கம் வராதே’ என்று அதில் எழுதி வைக்கலாம். வாசலில் ‘அனுமதியின்றி உள்ளே வராதீர்கள்’ என்று மாட்டும் போர்டு மாதிரிதான். பூட்டு கிடையாது. மரியாதை இருப்பவர் திரும்பிப் போவார்.

ஏஐ வந்த பிறகு பல செய்தித்தளங்கள் இந்த போர்டில் புது வரிகளைச் சேர்த்தன. ஓப்பன்ஏஐயின் பாட் வேண்டாமா? ஒரு வரி எழுதினால் போதும். தளத்துக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வராது, ஏனென்றால் அங்கிருந்து வரும் வாசகர்கள் குறைவு.

கூகுள் விஷயத்தில்தான் சிக்கல். 2023 செப்டம்பரில் கூகுள் ஒரு வசதியைக் கொடுத்தது. ‘கூகுள்-எக்ஸ்டெண்டட்’ என்ற பெயரைக் குறிப்பிட்டு மறுத்தால், கூகுளின் ஜெமினி மாடல்களைப் பயிற்றுவிக்க உங்கள் எழுத்து போகாது என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடல் பக்கத்தின் மேலே வரும் ‘ஏஐ ஓவர்வியூ’ பதில்களுக்கு இந்த மறுப்பு செல்லாது. கூகுள் அதைத் தேடலின் ஒரு பகுதியாகவே பார்க்கிறது. தேடலுக்காகப் பக்கங்களைப் படித்துப்போகும் அதே கூகுள்பாட்தான் இதற்கும் சரக்கு கொண்டுபோகிறது. கூகுள்பாட்டையே தடுத்தால்? தேடலிலிருந்தே காணாமல் போவீர்கள். ‘என் எழுத்திலிருந்து ஒரு வரிகூடக் காட்டாதே’ என்று இன்னொரு குறியீடு போடலாம். அப்படிச் செய்தால் ஏஐ பதிலில் வரமாட்டீர்கள், ஆனால் சாதாரணத் தேடல் முடிவிலும் உங்கள் தலைப்புக்குக் கீழே ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. மொட்டையாக நிற்கும் லிங்க்கை யார் கிளிக் செய்வார்?

இதில் ஒரு கூடுதல் தகவல் 2025 மேயில், அமெரிக்க நீதிமன்றத்திலேயே வெளிவந்தது. கூகுளின் ஏஐ பிரிவான டீப்மைண்டின் துணைத் தலைவர் ஒருவர் சாட்சியம் சொன்னார். பயிற்சி வேண்டாம் என்று மறுத்த தளங்களின் எழுத்தையும்கூட, தேடல் பிரிவு தன்னுடைய ஏஐ வேலைகளுக்குப் பயன்படுத்த முடியும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அங்கே காட்டப்பட்ட ஆவணத்தின்படி, 160 பில்லியன் டோக்கன் அளவுள்ள ஒரு தரவுத் தொகுப்பிலிருந்து மறுத்தவர்களின் எழுத்தை நீக்கியபோது 80 பில்லியன் போய்விட்டது. டோக்கன் என்பது ஏஐ படிக்கும் சொல்துண்டு. அதாவது பாதிச் சரக்கு ‘வேண்டாம்’ என்று சொன்னவர்களுடையது.

முரண்டு பிடித்தவர்களின் கதை

ஏஐ வருவதற்கு வெகு முன்பே இந்த ‘வேண்டாம்’ சோதித்துப் பார்க்கப்பட்டது. 2011-ல் பெல்ஜியத்தின் பத்திரிகைகள் நீதிமன்றத்தில் ஜெயித்தன. கூகுள் நியூஸில் எங்கள் செய்தியைக் காட்டக் கூடாது என்று தீர்ப்பு வாங்கின. கூகுள் அந்தத் தளங்களைத் தேடலிலிருந்தும் சேர்த்தே எடுத்துவிட்டது. சில நாட்களில் ‘எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று நிலைமை மாறிப்போனது.

2014-ல் ஜெர்மனி. ஆக்ஸல் ஸ்பிரிங்கர் அந்த நாட்டின் மிகப்பெரிய பத்திரிகைக் குழுமங்களில் ஒன்று. தன் தளங்கள் சிலவற்றின் செய்தித் துணுக்குகளை இலவசமாகக் காட்ட கூகுளுக்கு அனுமதி மறுத்தது. இரண்டே வாரம். கூகுள் தேடல் வழியாக வரும் வாசகர்கள் சுமார் 40 சதவீதம் குறைந்தார்கள். கூகுள் நியூஸ் வழியாக வருபவர்கள் சுமார் 80 சதவீதம். அந்த வருடம் நவம்பரில் நிறுவனமே இந்த எண்களை வெளியிட்டு, வேறு வழியில்லை என்று சொல்லி இலவச அனுமதியைத் திரும்பக் கொடுத்தது.

சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. வாசகர்கள் வரும் வழி கூகுள் பக்கம் இருந்தது.

அந்த வழி எப்படி ஒருவர் கைக்குப் போனது?

இதற்கான பதிலைத்தான் அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் தொடுத்த வழக்கு தேடியது. 2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்: தேடலில் கூகுள் ஒரு ஏகபோகம்; அந்த ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது சட்டத்தை மீறியிருக்கிறது.

எப்படி மீறியது? புதிய போனை எடுத்து பிரவுசரைத் திறந்தால் தேடல் கட்டத்தில் எந்த நிறுவனம் இருக்கும் என்பதில்தான் சூட்சுமம். பெரும்பாலானவர்கள் அதை மாற்றுவதே இல்லை. நீங்கள் மாற்றியிருக்கிறீர்களா? அந்த இடத்துக்காக ஆப்பிள், சாம்சங், பிரவுசர் நிறுவனங்கள், தொலைபேசி நிறுவனங்கள் எல்லோருக்கும் சேர்த்து 2021-ல் மட்டும் கூகுள் கொடுத்தது 26.3 பில்லியன் டாலர், இன்றைய மதிப்பில் இரண்டு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2022-ல் ஆப்பிளுக்கு மட்டும் 20 பில்லியன் டாலர். நல்ல பொருளை வைத்திருப்பவர் எதற்கு இவ்வளவு வாடகை கொடுக்க வேண்டும் என்பது அரசுத் தரப்பின் கேள்வி. எங்கள் தேடல் சிறந்தது என்பதால்தான் எல்லோரும் எங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கூகுளின் பதில். கூகுளின் தேடல் தரமானது என்பதை நீதிபதியும் மறுக்கவில்லை. தரம் இருந்தாலும் கதவை அடைத்தது தவறு என்றார்.

இப்படிக் கட்டப்பட்ட ஏகபோகத்துக்கு என்ன பரிகாரம்? 2025 செப்டம்பர் 2-ல் அதே நீதிபதி சொன்னார். குரோம் பிரவுசரை விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை ஏற்கவில்லை. பிரத்யேக ஒப்பந்தம் போடக் கூடாது, ஆனால் பணம் கொடுக்கலாம். தேடல் தரவுகளில் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளர்களுடன் பகிர வேண்டும். ஏஐ சாட்பாட்கள் வந்து போட்டி சூடுபிடித்திருப்பதால் நிதானம் தேவை என்பது அவருடைய பார்வை.

பேப்பர்களில் குரோம் தலைப்புச் செய்தியானது. பலர் கவனிக்காத ஒன்று உள்ளே இருந்தது. தேடலில் இருந்துகொண்டே ஏஐ பயன்பாட்டுக்கு மட்டும் மறுப்புச் சொல்லும் வசதியைப் பதிப்பாளர்களுக்குக் கொடுக்க கூகுளைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்றும் அரசுத் தரப்பு கேட்டிருந்தது. நீதிபதி அதை ஏற்கவில்லை. ஏகபோகம் என்று நிரூபணமான பிறகும், அந்த ஏகபோகத்தால் ‘வேண்டாம்’ சொல்ல முடியாமல் போனவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை. எங்கள் பார்வையில் அந்தத் தீர்ப்பின் பெரிய ஓட்டை இதுதான், குரோம் அல்ல.

தீர்ப்பு வந்து பத்தே நாளில், 2025 செப்டம்பர் 12 அன்று, பென்ஸ்கி மீடியா கூகுள் மீது வழக்குப் போட்டது. ரோலிங் ஸ்டோன், பில்போர்டு, வெரைட்டி பத்திரிகைகளை நடத்தும் நிறுவனம் இது. ஏஐ எழுத்தைத் திருடிவிட்டது என்று காப்பிரைட் வழக்கு போடுவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர்கள் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் போனார்கள். வாதம் இது: ‘எங்கள் எழுத்தைத் தேடலில் சேர்ப்பதற்கு நிபந்தனையாக, ஏஐ பதிலுக்கும் இலவசமாகக் கொடு என்கிறார்கள். ஏகபோகம் இல்லாத ஒருவரால் இப்படிக் கேட்க முடியாது.’ பால் வேண்டும் என்றால் பலகாரமும் எங்களிடமே வாங்க வேண்டும் என்று பால் விற்கும் ஒரே கடைக்காரர் சொல்வதுபோல. மாணவர்களுக்குப் பாட உதவி விற்கும் செக் நிறுவனம் அதே வருடம் பிப்ரவரியிலேயே இதேபோன்ற வழக்கைத் தொடுத்துவிட்டது.

கூகுள் மறுக்கிறது. ஏஐ ஓவர்வியூ வந்த பிறகு மக்கள் அதிகம் தேடுகிறார்கள், முன்பு கவனம் பெறாத பலவகைத் தளங்களுக்கும் வாசகர்கள் போகிறார்கள் என்கிறது. முழுக்கத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. எழுத்தாளர் படும் கஷ்டத்தைப் பற்றி நாம் பேசும்போது, நாலு வரியில் பதில் கிடைத்தால் சந்தோஷப்படும் வாசகரும் நாம்தான். விளம்பரமும் பாப்-அப்பும் நிறைந்து, ‘ஸ்கூல் லீவா’ என்ற பதிலை எட்டாவது பத்தியில் ஒளித்துவைக்கும் தளங்கள் இந்த நிலைமைக்குத் தங்கள் பங்கைச் செய்திருக்கின்றன. ஆனால் அந்த நாலு வரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

காப்பிரைட் வழக்குகள் என்ன சொல்கின்றன?

இதைச் சுருக்கமாகவே பார்க்கலாம், ஏனென்றால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் ஓப்பன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு நீதிபதிகள் ஒரே வாரத்தில் தீர்ப்பு சொன்னார்கள். ஆந்த்ரோபிக் வழக்கில் நீதிபதி ஆல்ஸப், புத்தகங்களை வைத்து ஏஐ-க்குப் பயிற்சி கொடுப்பது அமெரிக்கச் சட்டத்தின் ‘நியாயமான பயன்பாடு’ என்றார். ஆனால் திருட்டுத் தளங்களிலிருந்து லட்சக்கணக்கான புத்தகங்களை இறக்கிச் சேர்த்துவைத்தது அப்படி இல்லை என்றார். அந்த இரண்டாம் பாதிதான் 1.5 பில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது, புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். மெட்டா வழக்கில் நீதிபதி சப்ரியா நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கூடவே, ‘ஏஐ வெள்ளமாகக் கொட்டும் எழுத்தால் மூல எழுத்தின் சந்தை அழிகிறது என்று நிரூபித்திருந்தால் கதை வேறாகியிருக்கும்’ என்ற தொனியில் எழுதியும் வைத்தார்.

இந்த இரண்டும் புத்தகங்களைப் பற்றியவை. நாவலாசிரியர் ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவருடைய புத்தகம் கடையிலிருந்து காணாமல் போகாது. செய்தித்தளத்துக்கு அப்படி இல்லை.

பிரான்ஸ் பிடித்த நூல்

இரண்டு சட்டங்களையும் ஒன்றாக முடிந்து பார்த்த நாடு பிரான்ஸ். செய்தித் துணுக்குகளுக்குப் பதிப்பாளர்கள் பணம் கேட்கலாம் என்று 2019 ஜூலையில் அங்கே சட்டம் வந்தது. கூகுள் என்ன செய்தது தெரியுமா? ‘சரி, பணம் கொடுக்க மாட்டோம். துணுக்கு காட்ட வேண்டுமென்றால் இலவச அனுமதி கொடுங்கள். கொடுக்காவிட்டால் வெறும் தலைப்பு மட்டும் வரும்’ என்றது. பெரும்பாலான பத்திரிகைகள் இலவச அனுமதி கொடுத்துவிட்டன. ஜெர்மனியின் கதை அப்படியே திரும்பியது. சட்டம் புதுசு, முடிவு பழசு.

இந்த இடத்தில்தான் பிரான்ஸின் போட்டி ஆணையம் உள்ளே வந்தது. காப்பிரைட்டைப் பற்றி அது தீர்ப்பு சொல்லவில்லை. சந்தை பலத்தை வைத்துச் சட்டம் கொடுத்த உரிமையைச் செல்லாக்காசாக்கியது ஆதிக்கத் துஷ்பிரயோகம் ஆகலாம் என்று 2020 ஏப்ரலில் சொல்லி, பதிப்பாளர்களுடன் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து பேசும்படி கூகுளுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. ஒழுங்காகப் பேசவில்லை என்று 2021 ஜூலையில் 500 மில்லியன் யூரோ அபராதம். 2024 மார்ச்சில் இன்னொரு 250 மில்லியன் யூரோ. அந்த இரண்டாவது அபராதத்துக்கான காரணங்களில் ஒன்று, பதிப்பாளர்களுக்குச் சொல்லாமலே அவர்களுடைய செய்திகளைத் தன் ‘பார்ட்’ ஏஐ-க்குப் பயன்படுத்தியது. பார்ட்தான் பின்னால் ஜெமினி ஆனது.

அபராதத் தொகை கூகுளுக்குச் சில்லறைதான். ஆனால் பேச்சுவார்த்தை மேசை என்று ஒன்று உருவானது, பிரெஞ்சுப் பத்திரிகைகளுடன் ஒப்பந்தங்கள் வந்தன. ஐரோப்பிய ஆணையமும் இப்போது அதே நூலைப் பிடித்திருக்கிறது. 2025 டிசம்பரில் அது தொடங்கிய விசாரணையின் மையக் கேள்வி இந்தக் கட்டுரையின் கேள்விதான்: தேடலில் இடம் இழக்காமல் ஏஐ-க்கு மறுப்புச் சொல்லும் வாய்ப்பைப் பதிப்பாளர்களுக்கு கூகுள் கொடுத்திருக்கிறதா?

எதிர்ப்பக்கமும் ‘வேண்டாம்’ சொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செய்திகளுக்குப் பணம் கொடுக்கச் சொல்லி கனடா சட்டம் போட்டதும், 2023 ஆகஸ்டில் மெட்டா அங்கே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே நிறுத்திவிட்டது. கூகுள் வருடத்துக்கு 100 மில்லியன் கனடா டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. செய்தி இல்லாமல் ஃபேஸ்புக் ஓடுகிறது. ஃபேஸ்புக் இல்லாமல் போன சின்ன ஊர்ப் பத்திரிகைகள்தான் தடுமாறின. நிறுவனம் சொல்லும் ‘வேண்டாம்’ எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்.

சென்னைக்குப் பழக்கமான சண்டை

இந்தியாவில் இந்தக் கதையின் முதல் அத்தியாயம் சென்னையில் ஆரம்பிக்கிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனமும், ஜெய்ப்பூரைச் சேர்ந்த கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம், அதாவது சிசிஐயிடம், கூகுள் தேடலைப் பற்றிப் புகார் கொடுத்தன. உத்தரவு வந்தது 2018 பிப்ரவரியில். விமானப் பயணத் தேடலில் தன் சொந்தச் சேவையைத் தேடல் பக்கத்தில் முன்னால் தள்ளிக் காட்டியது உள்ளிட்ட தவறுகளுக்காக 135.86 கோடி ரூபாய் அபராதம். ஆறு வருடம்! அந்த இடைவெளியில் ஒரு ஸ்டார்ட்அப் பிறந்து வளர்ந்து மூடியும் போயிருக்கும்.

அதே நிறுவனம் இன்னொரு முறையும் மோதியது. பிளே ஸ்டோரில் ஆப் வைத்திருப்பவர்கள் உள்ளே நடக்கும் விற்பனைக்குக் கட்ட வேண்டிய 11 முதல் 26 சதவீதக் கட்டணத்தை எதிர்த்து, வேறு சில இந்திய நிறுவனங்களுடன் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இது சிசிஐ பார்க்க வேண்டிய விவகாரம் என்று 2023 ஆகஸ்டில் மனுக்கள் தள்ளுபடி ஆயின. மேல்முறையீடும் 2024 ஜனவரியில் தள்ளுபடி. மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உள்பட சில இந்திய ஆப்கள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்பி வந்தன. கட்டணம் நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். மறுத்தவர் கடையிலிருந்தே காணாமல் போனார் என்பதைக் கவனியுங்கள். ஆக்ஸல் ஸ்பிரிங்கருக்கு நடந்ததன் ஆப் வடிவம்.

செய்திப் பக்கம் வருவோம். பெரிய நாளிதழ்களின் டிஜிட்டல் பிரிவுகள் சேர்ந்த டிஎன்பிஏ சங்கம் கொடுத்த புகாரின் பேரில், செய்தித்தளங்களிடம் கூகுள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி விசாரிக்க 2022 ஜனவரியில் சிசிஐ உத்தரவிட்டது. பிரான்ஸிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்ததை அந்த உத்தரவே குறிப்பிடுகிறது.

காப்பிரைட் பக்கம், ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஓப்பன்ஏஐ மீது வழக்குத் தொடர்ந்தது. 1957-ம் வருடத்துச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லும் ‘நியாயமான கையாளுகை’க்குள் ஏஐ பயிற்சி வருமா என்பது அங்கே முக்கியக் கேள்வி. படிப்புக்கு, விமர்சனத்துக்கு, நடப்புச் செய்தியைச் சொல்வதற்கு என்று அந்தப் பிரிவு வரிசைப்படுத்துகிறது. கம்ப்யூட்டரே அரிதாக இருந்த காலத்தில் எழுதிய சட்டத்தில் ஏஐ இருக்க வாய்ப்பில்லை. இந்த வழக்கிலும் ‘வேண்டாம்’ வேறு வேஷத்தில் வருகிறது. ஏஎன்ஐயின் தளத்தை ஏற்கெனவே தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்றது ஓப்பன்ஏஐ. எங்கள் செய்தியைச் சந்தா கட்டி வாங்கும் மற்ற தளங்களிலும் அதே வரிகள்தானே இருக்கின்றன, எங்கள் வாசலை மட்டும் தவிர்த்து என்ன பயன் என்றது ஏஎன்ஐ. செய்தி நிறுவனத்தின் தொழிலே அதுதான். மறுப்பு போர்டை எத்தனை வாசலில் மாட்டுவது?

மத்திய அரசின் யோசனை: மறுக்க முடியாது, பணம் உண்டு

வழக்கு நடக்கும்போதே, தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டுக் கருத்து கேட்டது. அதன் யோசனை துணிச்சலானது. சட்டப்படி கிடைக்கும் எந்த எழுத்து, இசை, படத்தையும் ஏஐ நிறுவனங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். படைப்பாளி தடுக்க முடியாது. பதிலுக்கு, ஏஐ-யை விற்றுச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வருமானத்தில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்ட வேண்டும். எவ்வளவு என்பதை அரசு அமைக்கும் குழு முடிவு செய்யும். ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். குழுவில் இருந்த நாஸ்காம் இதை ஏற்கவில்லை. பயிற்சிக்குப் பணம் கேட்டால் இந்திய ஏஐ நிறுவனங்கள் வளராது என்பது அதன் வாதம்.

இதுவரை சொன்ன கதையை வைத்துப் பார்த்தால் இந்த யோசனைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எப்படியும் கூகுளிடம் ‘வேண்டாம்’ சொல்ல முடியவில்லை. செல்லாத உரிமையைக் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பணமாவது வாங்கிக்கொள்ளலாம். பெரிய பத்திரிகைக் குழுமம் தனியாகப் பேரம் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். திருநெல்வேலியிலிருந்து கோவில் கல்வெட்டுகளைப் பற்றி வலைப்பூ எழுதுபவருடன் எந்த ஏஐ நிறுவனமும் உட்கார்ந்து பேசப் போவதில்லை. அவருக்கும் ஒரு பங்கு என்றால் நல்லதுதானே?

நல்லதுதான், அந்தப் பங்கு அவர் கைக்கு வந்தால். ராயல்டி வாங்க அவர் தன் படைப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும், பிரித்துக் கொடுப்பவரிடம் அவர் பெயர் இருக்க வேண்டும். வசூலித்துப் பிரிக்கும் அமைப்புகளோடு நம் சினிமா இசைத் துறை பல வருடமாக மல்லுக்கட்டி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வருவது இயல்பு. தமிழ் போன்ற மொழிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இணையத்தில் நல்ல தமிழ் எழுத்து குறைவு. குறைவு என்பதால் ஒவ்வொரு பக்கமும் ஏஐ-க்குக் கூடுதல் பயன். ராயல்டியை எழுத்தின் அளவை வைத்துப் பிரிப்பார்களா, பயனை வைத்தா? அளவை வைத்தால் ஆங்கிலத் தளங்கள் அள்ளிக்கொண்டு போகும்.

அதைவிட முக்கியமானது, இந்த யோசனை பேசுவது பயிற்சியைப் பற்றி. ‘ஸ்கூல் லீவா’ என்று கேட்டவுடன் இன்று காலை எழுதப்பட்ட செய்தியைத் தேடி எடுத்து நாலு வரியாக்கித் தருவது பயிற்சி மட்டும் இல்லை. அது வாசகரை வழியிலேயே நிறுத்திக்கொள்ளும் வேலை. அந்த நஷ்டத்துக்கு ராயல்டி விகிதத்தில் பதில் கிடையாது. அது சிசிஐயின் மேசையில் இருக்க வேண்டிய கேள்வி. இப்போதைக்கு காப்பிரைட் ஒரு துறையிடமும், போட்டி இன்னொரு ஆணையத்திடமும், வழக்கு டெல்லி நீதிமன்றத்திலும் தனித்தனியாக நகர்கின்றன. மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு எதுவும் அந்த ஆய்வறிக்கையில் இல்லை.